ஆமென் வரை

ஜூலை 1, செவ்வாய்

காலை ரத்த அழுத்தம் 142/88. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது 6.10 முதல் 6.35 வரை.

ஜெமிமா சென்னையிலிருந்து வந்துவிட்டாள். அவளோடு பதினொரு அட்டைப் பெட்டிகள். எண்ணிச் சுவரோரம் அடுக்கி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டேன். "அப்பா, அதுல ஏற்கனவே நம்பர் இருக்கு," என்றாள். இருந்தது. அடியில் இருந்தது.

பாளையங்கோட்டையில் மூடிக் கிடக்கும் பழைய அச்சுக்கூடம் ஒன்றைப் ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறாள். கண்காட்சி. ஒரு சாப்பாட்டு மேஜை, ஆறு நாற்காலி, கூரையில் புரொஜெக்டர். மேஜைமேல் உண்மையான பண்டம் ஒன்றும் இருக்காதாம். தட்டு, குழம்பு, பிசையும் கை எல்லாமே மேலிருந்து விழும் வெளிச்சம். வருகிறவர்கள் எந்த நாற்காலியில் உட்காருகிறார்கள், உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் படம் மாறும். நான் முப்பத்தொரு வருடம் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன். பாதிதான் புரிந்தது.

"யார் வீட்டு மேஜை?" என்று கேட்டேன்.

"நம்ம வீட்டு மேஜைதான்."

வயலட் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நம்ம வீட்டுல என்னட்டி இருக்கு, சனம் வந்து பாக்க? உங்க அப்பா வெண்டைக்காயை ஒதுக்கி வைக்கதையா?"

"அதுவும் இருக்கும்மா."

நான் வெண்டைக்காயை ஒதுக்குவது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 3, வியாழன்

அச்சுக்கூடத்துக்குப் போனோம். மை வாசனை இன்னும் போகவில்லை. எலெக்ட்ரீசியன் சுடலைமுத்து ஏணிமேல் நின்று கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஏணியை யாரும் பிடிக்கவில்லை. அவர் இறங்கும்வரை நான் பிடித்துக்கொண்டேன்.

மேஜைக்கு வெள்ளை விரிப்பு போட்டிருக்கிறாள். தலைமாட்டு நாற்காலி என்னுடையது. எதிர்க் கோடியில் என் மகன் பர்னபாஸின் நாற்காலி. அதற்குப் பின்னால் சுவர். அங்கே எங்கள் வீட்டு வாசலும் ஆட்களின் நிழலும் படமாக விழும். இடப்பக்கம் என் அண்ணனும் மைனியும். வலப்பக்கம் ஜெமிமாவும், உட்காரவே உட்காராத வயலட்டும்.

ஜெமிமா விளக்கினாள். "உங்க நாற்காலிக்கு நேரா ஒரு கேமரா இருக்குப்பா. அதுல உக்காருறவங்க கண்ணைத் திறந்திருந்தா ஒண்ணும் அசையாது. எல்லாக் கையும் நல்ல பிள்ளையா மடங்கியிருக்கும். கண்ணை மூடினா உங்க ஜெபம் கேட்கும். அப்பதான் எல்லாம் நடக்கும். ஆமென் வரைக்கும்."

"அப்போ அதுல உக்காருறவர் ஒண்ணையும் பாக்க முடியாதே."

"ஆமாப்பா."

வடிவமைப்பில் கவனிக்காமல் விட்ட பிழை என்று நினைத்து, ஒரு கண்ணாடி வைக்கலாமே என்றேன். பிழை இல்லையாம். அதுதான் விஷயமாம்.

சுடலைமுத்து ஏணியிலிருந்தே சொன்னார்: "ஐயா சாமி கும்பிடுத நேரத்துல வீட்டுல என்ன கூத்து நடந்துச்சுன்னு தங்கச்சி படமா எடுத்திருக்கு. எங்க வீட்டுல இப்படி ஒண்ண மாட்டினாவன்னா நான் தெருவுலதான் படுக்கணும்."

என்ன நடந்திருக்க முடியும்? ஜெபத்தின்போது எல்லோரும் கண்ணை மூடியிருப்பார்கள். நானும் மூடியிருப்பேன்.

ஜூலை 4, வெள்ளி

மாத்திரை ஒருநாள் அதிகமாகத் தீர்ந்திருக்கிறது. எந்த நாளில் இரண்டு போட்டேன் என்று தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் ஜெமிமா தூத்துக்குடிக்குப் பேசினாள். பத்தொன்பதாம் தேதி திறப்புக்கு வரும்படி பர்னபாஸை அழைத்தாள். "பாக்கேன்னு சொன்னான்," என்றாள்.

"ஜெபத்துல எந்திரிச்சுப் போனவன் இதுக்கு வருவானாக்கும்," என்றாள் வயலட்.

அவள் மகனைப் பற்றிப் பேசினால் இந்த வார்த்தை வராமல் இருக்காது. அவன் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறாள். அவனுக்கு இப்போது முப்பத்தேழு வயது. தூத்துக்குடியில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். நல்லபடியாக நடக்கிறது என்று கேள்வி. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மறுநாள் வருவான். முன்னறையில் உட்காருவான், தண்ணீர் குடிப்பான், அம்மாவுக்குச் சேலை கொடுப்பான். சாப்பாட்டு அறைக்குள் வரமாட்டான். "சாப்ட்டுட்டுத்தான் வந்தேன்" என்பான். பதினாறு வருடமாக அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறான்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று என் குரலைப் பதிவு செய்தாள். ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஒரு மைக்கைக் குக்கர்மேல் சாய்த்து வைத்தாள். சாப்பாட்டுக்கு முன் செய்யும் ஜெபத்தை நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். வாசித்தேன். இரண்டு நிமிடம் பத்து விநாடி.

"நல்லாயிருக்குப்பா. ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி பண்ணின ஜெபம் வேணும்."

எந்த ராத்திரி என்று கேட்டேன். அவள் மைக்கை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

மறந்துவிட்டது என்றேன். அவள் போனபிறகு பதினாறு வருடத்துக்கு முந்தைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து அப்போது நன்றாக இருந்தது. "இரவு: இடியாப்பம், ஆட்டுக்கறிக் குழம்பு. அண்ணன், மைனி வந்திருந்தனர். ஜெபம். பர்னபாஸ் சாப்பிடவில்லை." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். இப்போதாவது முழுமையாக எழுத முயல்கிறேன்.

அன்று மதியம் பர்னபாஸ் என்னைத் தனியாக மாடிக்கு அழைத்துப் போனான். பொறியியல் மூன்றாம் ஆண்டு. கல்லூரிக்குப் போவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது என்றான். தூத்துக்குடியில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொள்வதாகவும், அது பிடித்திருப்பதாகவும் சொன்னான். "அம்மாட்ட நீங்களே பக்குவமா சொல்லுங்கப்பா. பெரியப்பா ஊருக்குப் போன பிறகு சொல்லுங்க," என்றான். சரி என்று தலையாட்டினேன்.

வயலட்டிடம் எப்படிச் சொல்வது? மதியம் முழுக்க யோசித்தேன். ஐந்து குறிப்புகள் எழுதிக்கொண்டேன். இரண்டுமுறை அடுப்படி வாசல்வரை போனேன். ஒருமுறை உப்பு கேட்டேன், ஒருமுறை தீப்பெட்டி.

இரவு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் ஜெபம் ஆரம்பித்தேன். ஜெபத்தில் சொன்னால் எல்லோரும் அமைதியாகக் கேட்பார்கள், யாரும் குறுக்கே பேச மாட்டார்கள் என்று அந்த நேரத்தில் தோன்றியது. "ஆண்டவரே, எங்கள் மகன் பர்னபாஸ் ஒரு வருடமாகக் கல்லூரிக்குப் போகவில்லை என்பதை உம் சமூகத்தில் தெரியப்படுத்துகிறேன்" என்று தொடங்கினேன். பட்டறையைச் சொன்னேன். ஹாஸ்டலில் இருப்பதாக அவன் அம்மாவிடம் சொல்லிவந்த பொய்யையும் சொன்னேன். ஆண்டவருக்கு இதெல்லாம் ஏற்கனவே தெரிந்திருக்கும் என்பது நினைவுக்கு வரவில்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவன் நாற்காலி காலியாக இருந்தது. நான் கண்ணை மூடியிருந்ததால் எதுவும் தெரியவில்லை. அண்ணன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே, "இன்னைக்கு ஜெபம் ரொம்ப நீளம்லா," என்றார்.

கண்ணை மூடியிருந்தேன்.

ஜூலை 9, புதன்

மழை இல்லை. வாழைக்காய்ப் பொரியல். வெளிக்கதவு பூட்டியிருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன். மூன்றுமுறை.

ஜூலை 10, வியாழன்

அன்றைய ஜெபத்தை நினைவிலிருந்து சொல்லி, ஜெமிமாவுக்குப் பதிவு செய்து கொடுத்தேன். அவள் கேட்டது ஒரு காரணம். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பாள், அது இன்னொரு காரணம். பல இடங்களில் நிறுத்தித் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. "இது போதும்பா," என்று என் தோளைத் தொட்டாள்.

அதில் மிஷனரிமாருக்காகவும், மழைக்காகவும், வியாதியஸ்தருக்காகவும் வேண்டிக்கொள்ளும் பகுதி ஒன்று கடைசியில் வருகிறது. "இதெல்லாம் தினமும் வராதே, அன்னைக்கு மட்டும் என்ன?" என்று கேட்டாள். நினைவில் இருந்ததைச் சொன்னேன் என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

ஒத்திகை. மாலை நாலரை மணி. கூடத்தின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி.

என்னை முதலில் என் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். வெள்ளை விரிப்பின்மேல் ஆறு எவர்சில்வர் தட்டுகள் வெளிச்சத்தில் வந்தன. இடியாப்பம், குழம்பில் பளபளக்கும் எண்ணெய் எல்லாம் தெரிந்தன. ஒவ்வொரு தட்டின் அருகிலும் கூப்பிய இரண்டு கை. நடிகர்களின் கைகளாம். வயலட்டின் வளையலை மட்டும் சரியாக வாங்கியிருக்கிறாள். கண்ணை மூடினேன். என் குரல் கேட்டது. சுற்றிலும் சிரிப்பு. திறந்தேன். ஆறு ஜோடிக் கை, கூப்பியபடி. மறுபடி மூடினேன். மறுபடி சிரிப்பு. வயலட் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, மைனி கறித்துண்டை எடுத்து ஒளிச்சு வைக்கதைப் பாரேன்!" என்றாள்.

"அப்பா, நீங்க அண்ணன் சேர்ல வந்து உக்காருங்க. சுடலையண்ணே, நீங்க அப்பா சேர்ல உக்காருங்க," என்றாள் ஜெமிமா.

"நான் சபைக்குப் போறவன் இல்லம்மா."

"கண்ணை மூடத் தெரியும்லா?"

சுடலைமுத்து உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடினார். மேஜை உயிர் பெற்றது. வயலட்டின் கை யாரும் பார்க்காமல் பர்னபாஸின் தட்டில் இன்னொரு இடியாப்பம் வைத்தது. ஜெமிமாவின் சின்னக் கை மேஜை விளிம்பில் தாளம் போட்டது. அண்ணன் கை மைனி கையைக் கிள்ளியது. முப்பது வருடம் நான் ஜெபம் செய்த மேஜை இது. எனக்கு முன்னால் இப்படி ஒரு குடும்பம் இருந்திருக்கிறது.

பிறகு என் குரல் "எங்கள் மகன் பர்னபாஸ்" என்றது. எல்லாக் கைகளும் நின்றன. எனக்கு முன்னாலிருந்த இரண்டு கை மேஜையிலிருந்து மெதுவாக இறங்கி மறைந்தது. திரும்பிச் சுவரைப் பார்த்தேன். நிழல் ஒன்று எழுந்து, விறுவிறுவென்று நடந்து, வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

பாடம் நடத்திய பழக்கம். கரும்பலகையில் தவறு இருந்தால் திருத்தாமல் நகர முடியாது.

"இது சரியில்லை ஜெமி," என்றேன். "அவன் உடனே போகல. வாசல்ல திரைச்சீலையை இடது கையால பிடிச்சுக்கிட்டு நின்னான். செருப்பு வலது கையில இருந்துச்சு. எங்க பக்கம் திரும்பித்தான் நின்னான்."

ஜெமிமா மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். சுடலைமுத்து கண்ணைத் திறந்தார். கைகள் எல்லாம் கூப்பிக்கொண்டன.

"நாற்காலி சத்தம் கேட்டுத்தான் நான் கண்ணைத் திறந்தேன்," என்றாள். "அண்ணன் இடம் காலி. பயந்துபோய் குனிஞ்சுட்டேன். வாசல் பக்கம் திரும்பவே இல்ல. அம்மா, பெரியப்பா, பெரியம்மா எல்லாரும் கண்ணை மூடியிருந்தாங்க. அப்போ இதை யாருப்பா பாத்தா?"

வயலட் அப்போது வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது.

நேரமாகிவிட்டது, மாத்திரை போட வேண்டும் என்று சொல்லி நான் ஆட்டோவில் தனியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

ஊகமாகச் சொன்னேன் என்று ஜெமிமாவிடம் விளக்கினேன். அப்படிப்பட்ட சூழ்நிலையில் ஒருவன் வாசலில் நின்றிருக்கக்கூடும் என்ற அடிப்படையில் சொன்னது என்றேன்.

"வலது கையில செருப்பும் ஊகமாப்பா?"

துணி உலர்ந்திருந்தது. எடுத்து மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஆலயத்தில் நீண்ட ஜெபம். கண்ணை மூட முடியவில்லை. முன்வரிசைத் தலைகளை எண்ணினேன். நாற்பத்துநான்கு.

ஜூலை 14, திங்கள்

ஜெமிமா காலையில் காப்பியோடு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"வாசல்ல நிக்கதை நான் சேர்க்கல. நீங்க சொன்னாத்தான் சேர்ப்பேன். சேர்த்தா சனிக்கிழமை அண்ணன் பார்ப்பான். நீங்க பார்த்தீங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோகும். அம்மாவுக்கும் தெரியும்." காப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "அம்மா அவனை என்ன சொல்லி ஏசுதான்னு உங்களுக்குத் தெரியும்லா?" என்றாள்.

தெரியும். ஆண்டவருக்கு முன்னால் மரியாதை இல்லாமல், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், திருடன்போல நழுவிப் போனவன். அந்தக் கதையை நான் சொல்லவில்லை. மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே எழுதிவிடுகிறேன். நாற்காலி பின்னால் நகரும் சத்தத்தில் நான் கண்ணைத் திறந்தேன். அவன் வாசலில் நின்று என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன், அல்லது எழுந்து வருவேன் என்று நிற்கிறவனின் நிற்பு அது. "இரு" என்று ஒரு வார்த்தை போதும். எல்லோருக்கும் முன்னால் ஜெபத்தை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். ஆமென் சொன்னால் திறக்க வேண்டியிருக்கும். அதனால் மிஷனரிமாருக்காக ஜெபிக்கத் தொடங்கினேன். பிறகு மழைக்காக. திரை வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம் கேட்கும்வரை ஜெபித்தேன். அதற்குப் பிறகும் கொஞ்சநேரம்.

மதியம் உட்கார்ந்து, இதை ஒரு பாவ அறிக்கையாக ஒழுங்குபடுத்தி எழுதினேன். ஒன்றரைப் பக்கம். "ஆண்டவரே, அந்த இரவில் உம் அடியான் கண்களைத் திறந்தான்" என்று ஆரம்பம். இதையும் பதிவு செய்து மேஜையில் கேட்கும்படி வைத்துவிட்டால், பர்னபாஸ் உட்காரும்போது அவனே கேட்டுக்கொள்வான். வயலட்டும் கேட்டுக்கொள்வாள். நல்ல ஏற்பாடு என்று தோன்றியது.

ஜெமிமா நின்றபடியே வாசித்தாள். தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"மறுபடியும் ஜெபத்துலயாப்பா?"

ஜூலை 15, செவ்வாய்

வயலட் அடுப்படியில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். காலை பத்தேகால். நான் உள்ளே போய் நின்றேன்.

"என்ன, உப்பா தீப்பெட்டியா?" என்றாள். அவளும் இதையெல்லாம் கவனித்துத்தான் வந்திருக்கிறாள்.

சொன்னேன். குறிப்பு எதுவும் இல்லாததால் பின்னாலிருந்து முன்னாலாகச் சொல்லிவிட்டேன். முதலில் மழை, பிறகு மிஷனரிமார், பிறகு செருப்பு. அவள் புரியாமல் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மதியமே அவன் என்னிடம் சொல்லி, அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லக் கேட்டதையும் சொன்னேன். அதுவும் அவளுக்குத் தெரியாது.

கத்தியைக் கீழே வைத்தாள். "நின்னானா?"

"நின்னான்."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு."

"உங்களைப் பாத்துக்கிட்டா?"

"ஆமா."

குழாயைத் திறந்து கையை நனைத்தாள். மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "நல்ல நாளும் பொழுதுமா அந்தப் பிள்ளைய நான் என்ன பேச்சு பேசிருக்கேன். 'ஜெபத்துல எந்திரிச்சுப் போனவன்'னு அவன் பொண்டாட்டி முன்னால வச்சே சொல்லிருக்கேன். நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர்தானே படிச்சிய?"

"ஆமா."

"போங்க. எம் மூஞ்சியில முழிக்காதிய. போங்க."

போனேன். அரைமணி நேரம் கழித்துப் போய்க் குழாயை மூடினேன்.

ஜூலை 16, புதன்

வீடு முழுக்க மீன்குழம்பு மணம். என் தட்டு கவிழ்த்தபடியே இருந்தது. மதியம் நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். சட்டியிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று தெரியவில்லை. நாற்பத்திரண்டு வருடத்தில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டி வரவில்லை. சோறும் ஒரு மீனும் மட்டும் எடுத்தேன்.

ஜெமிமாவிடம், "சேர்த்துவிடு," என்றேன். "அண்ணன்ட்ட நீங்க சொல்லாம நான் சேர்க்க மாட்டேன்," என்றாள்.

போனில் எண்ணைப் போட்டேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். நான்குமுறை.

ஜூலை 17, வியாழன்

8.40 பஸ். தூத்துக்குடி 9.55. பட்டறைக்கு நான் இதுவரை போனதில்லை. நாலு பேரிடம் கேட்டுக் கண்டுபிடித்தேன். பெரிய தகரக் கொட்டகை. டீசல் வாடை, கடல் வாடை. ஒரு எஞ்சினைக் கட்டையில் ஏற்றி ஓடவிட்டிருந்தார்கள். சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது.

பர்னபாஸ் என்னைப் பார்த்ததும் பதறி ஓடிவந்தான். கையெல்லாம் கிரீஸ். "என்னப்பா? அம்மாவுக்கு ஏதும்...?"

"அம்மா நல்லாருக்கா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன? கேக்கல!"

"அதை நிறுத்த முடியுமா?"

கையைத் தூக்கிக் காட்டினான். எஞ்சின் நின்றது. வேலை செய்துகொண்டிருந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு அமைதி வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

"அன்னைக்கு நீ வாசல்ல நின்னப்ப நான் பாத்தேன்," என்றேன். "கண்ணைத் திறந்து உன்னைப் பாத்துட்டு, மறுபடி மூடிக்கிட்டேன்."

அவன் கழிவுத்துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"தெரியும்பா. நானும் உங்களைப் பாத்துட்டுத்தான நின்னேன்."

"தெரியும்னா ஏன் அம்மாட்ட சொல்லல? அவ உன்னை எப்படில்லாம்..."

"நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். நான் ஒரு கவிழ்த்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தேன். அவனும் எதிரே குந்தினான்.

"ஒரு மாசம் பாத்தேன். அப்புறம் கிறிஸ்துமஸ். அப்புறம் என் கல்யாணத்துக்கு முந்தின நாள், அன்னைக்காவது சொல்லுவியன்னு நெனச்சேன். எனக்கு அந்த மேஜையில வந்து உக்காந்தா, நீங்க கண்ணை மூடும்போது அதே ஞாபகம்தான் வரும். அதான் வரல. நீங்க எல்லார் முன்னாலயும் போட்டு உடைச்சதுகூட எனக்குப் பெரிசில்லப்பா. எப்படியும் தெரியவேண்டியதுதான்."

"செவ்வாய்க்கிழமை உங்க அம்மாட்ட சொல்லிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தான். "எப்படி, ஜெபத்துலயா?"

"இல்லய்யா. அடுப்படியில வச்சு. மீன் ஆஞ்சிக்கிட்டு இருந்தா."

"என்ன சொன்னா?"

"ரெண்டு நாளா எனக்குச் சோறு போடல."

அவன் சிரித்துவிட்டான். சத்தமாகச் சிரிக்கவில்லை, மூக்கால் ஒரு சிரிப்பு. என் அண்ணனுக்கும் அப்படித்தான் வரும். பிறகு முகம் மாறிவிட்டது. எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி ஏதோ ஸ்பேனரைத் தேடினான். வெகுநேரம் தேடினான். டீ வாங்கிவரச் சொன்னான். வந்தது. குடித்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று நானும் கேட்டேனா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"சனிக்கிழமை வாரியா?"

"எஞ்சின் ஒண்ணு டெலிவரி இருக்கு. பாக்கேன்."

பஸ் ஏற்றிவிட வந்தான். ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்தான். பஸ் கிளம்பும்வரை நின்றான்.

ஜூலை 18, வெள்ளி

எல்லாவற்றையும் ஜெமிமாவிடம் சொன்னேன். வாசலில் நிற்கும் நிழலை இன்று எடுத்தார்கள். செருப்பு எந்தக் கையில் என்று பர்னபாஸுக்குப் போன் செய்து கேட்டாள். வலது.

வயலட் இன்றும் பேசவில்லை. ஆனால் தட்டு நிமிர்ந்திருந்தது.

ஜூலை 19, சனி

ஐந்து மணிக்குத் திறப்பு. நாலரைக்கே கூட்டம். என் பழைய மாணவர்கள் சிலர் வந்திருந்தார்கள். பெயர்கள் நினைவுக்கு வரவில்லை. ஆறு ஆறு பேராக உள்ளே விட்டார்கள். உள்ளேயிருந்து சிரிப்பு வரும், பிறகு சத்தமே இருக்காது. வெளியே வருகிறவர்கள் யாருக்கோ போன் செய்தபடி வந்தார்கள். ஆறு மணி ஆயிற்று. ஆறரை. நான் வாசலுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். கால் வலித்தது. உட்கார்ந்தால் தெருமுனை தெரியாது.

6.50க்கு பர்னபாஸ் வந்தான். தனியாக. குளித்து, இஸ்திரி போட்ட சட்டை. வயலட் அவன் முன்னால் போய் நின்று இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கும் தூரத்தில் நான் நிற்கவில்லை.

அடுத்த ஆறு பேரில் எங்களை உள்ளே விட்டார்கள். ஜெமிமா சொல்வதற்கு முன்பே அவன் நேராகப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தான். எனக்கு எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. வயலட்டின் இடத்தை விட்டால் காலியாக இருந்தது அவன் நாற்காலிதான். உட்கார்ந்தேன். மற்ற இடங்களில் முன்பின் தெரியாத மூன்று பேர். வயலட் இங்கேயும் உட்காரவில்லை.

தட்டுகள் வந்தன. இடியாப்பம், குழம்பு. ஆறு ஜோடிக் கை கூப்பி நின்றன.

பர்னபாஸ் கண்ணை மூடவில்லை. மேஜையின் மறுகோடியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தட்டைப் பார்த்தேன், கேமராவைப் பார்த்தேன். பிறகு அவனைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் தண்ணீர் கோர்த்தது. துடைப்பதற்காகக்கூட மூடக்கூடாது என்று இருந்தேன்.

ஒன்றும் அசையவில்லை. தெரியாத மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓரத்திலிருந்து சுடலைமுத்து மெதுவாகச் சொன்னார்: "யண்ணே, கண்ணை மூடணும். அப்பத்தான் ஓடும்."

"ஓட வேண்டாம்," என்றான் பர்னபாஸ்.

எவ்வளவு நேரம் என்று நான் கணக்கு வைக்கவில்லை. வெளியே வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. மெஷின் கெட்டுப்போச்சு போல என்று யாரோ சொன்னார்கள். ஜெமிமா மடிக்கணினியைத் தொடாமல் நின்றாள்.

கடைசியில் வயலட்தான் வந்து மேஜையைத் தட்டினாள். அவள் கைமேல் கூப்பிய கைகளின் வெளிச்சம் விழுந்தது.

"ரெண்டு பேரும் எந்திரிங்க. சனம் காத்துக்கிட்டு நிக்குல்லா? வீட்டுல போயி உக்காருங்க. சோறு ஆறுது."

பர்னபாஸ் எழுந்தான். கூடத்தின் வாசல்வரை போய், கறுப்புத் துணியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பி நின்றான்.

நான் எழுந்து போனேன்.